மீட்டிங்கையும் மின்சாரச் செலவையும் குறைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு எங்கள் குழுவில் பதினோரு பேர் கூடுவோம். ஒரு மணி நேரம். போன வாரம் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். ஒருவர் சொல்லும்போது மற்ற பத்துப் பேரும் தங்கள் முறைக்காகக் காத்திருப்போம். ஒரு நாள் கையில் இருந்த தாளில், எல்லோரும் சேர்ந்து பேசியே ஆகவேண்டிய பேச்சு எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டே வந்தேன். முடிவில் ஒன்பது நிமிடம் தேறியது. மீதி ஐம்பத்தோரு நிமிடத்தில் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டிருக்கலாம்.

அதே தாளின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்குப் போட்டேன். ஏசி, புரொஜெக்டர், விளக்குகள், பதினோரு லேப்டாப் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம். நான் நினைத்ததைவிடக் குறைவுதான். ஆனால் மூன்று பேர் இன்னொரு கட்டடத்திலிருந்து ஆளுக்கொரு காரில் வந்திருந்தார்கள். ஒருவருக்குப் போக வர 40 கிலோமீட்டர். மூன்று காருக்கும் சேர்த்து 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் 8 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட், ஆக 70 யூனிட்டுக்கு மேல். லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 18 கிலோவுக்கு மேல். இவ்வளவும் ஒன்பது நிமிடப் பேச்சுக்காக.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வந்ததில் எனக்குத் தெளிவான விஷயம் இது: புதுச் செயலி வாங்கியதால் எங்கள் கூட்டங்கள் குறையவில்லை. வாயால் சொன்னதை எழுதி வைக்கப் பழகிய பிறகுதான் குறைந்தன. கருவி என்பது அந்த எழுத்தை வைக்க ஓர் இடம், அவ்வளவுதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பழக்கத்தை ஒரு குழுவுக்குள் கொண்டுவருவதற்கான வழிகள். வரிசை மாறாமல் செய்வது நல்லது.

படி 1: இரண்டு வாரம் எண்ணுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் கணக்கெடுங்கள். எக்செல் ஷீட்டோ நோட்டுப் புத்தகமோ, எது கைக்கு வசதியோ அது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வரி: பெயர், எத்தனை பேர், எவ்வளவு நேரம், யார் எங்கிருந்து எதில் வந்தார்கள், அறையில் ஏசி ஓடியதா, கடைசியில் என்ன முடிவானது. அந்தக் கடைசிக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். அதில் எழுத ஒன்றுமே கிடைக்காத கூட்டங்கள் இரண்டு வாரத்தில் தாமாகவே கண்ணில் படும்.

நேரத்தை ஆள்மணியாகக் கணக்கிடுங்கள். பதினோரு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது 11 ஆள்மணி. வருடத்துக்கு 50 வாரம் என்றால் 550. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் கிட்டத்தட்ட 69 நாள். மேலாளரிடம் போய் "கூட்டம் அதிகமாக இருக்கிறது" என்று சொன்னால் தலையாட்டுவார். "வருடத்தில் 69 வேலை நாள் இந்த ஒரு கூட்டத்துக்குப் போகிறது" என்று தாளை நீட்டினால் நிமிர்ந்து உட்காருவார். இந்தத் தாளை வைத்து யாரையும் குறை சொல்லிவிட மட்டும் வேண்டாம். பெரும்பாலான கூட்டங்கள் யாரோ ஒருவர் நல்ல நோக்கத்தோடு தொடங்கியவைதான். அவர் இப்போதும் உங்கள் பக்கத்து மேஜையில் இருக்கலாம்.

படி 2: கூட்டங்களை வகை பிரித்துக்கொள்ளுங்கள்

பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எழுத்தைப் போடுங்கள். தகவல் சொல்வதற்காக மட்டும் நடந்தது 'த'. கருத்துக் கேட்க நடந்தது 'க'. முடிவெடுக்க நடந்தது 'மு'. மனிதர்கள் முகம் பார்த்துப் பேச நடந்தது 'ம'.

'த' போட்டவை எல்லாவற்றையும் எழுத்துக்கு மாற்றிவிடலாம். 'க' போட்டவற்றில் பெரும்பாலானவற்றை மாற்றலாம். 'மு' போட்டவற்றில் தயாரிப்பு வேலை முழுவதும் எழுத்துக்குப் போய்விடும், கடைசி அரை மணி நேரம் மட்டும் பேச்சாக நிற்கும். 'ம' போட்டவற்றைத் தொட வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவரை வரவேற்பது, இரண்டு பேருக்குள் இருக்கும் மனக்கசப்பைத் தீர்ப்பது, ஒருவருடைய வேலையில் இருக்கும் குறையை அவரிடம் சொல்வது, கெட்ட செய்தி சொல்வது. இவற்றை எழுத்தில் செய்யப் போனால் காயம்தான் மிஞ்சும். நேரில் முடிந்தால் நேரில், முடியாவிட்டால் வீடியோ காலில், அதுவும் முடியாவிட்டால் ஃபோனில்.

ஒரு பெரிய நிறுவனம் இதைத் தடாலடியாகவே செய்திருக்கிறது. இணையக் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை 2023 ஜனவரியில், மூன்று பேரோ அதற்கு மேலோ கலந்துகொள்ளும் வழக்கமான கூட்டங்கள் எல்லாவற்றையும் காலெண்டரிலிருந்து ஒரேயடியாக நீக்கியது. புதன்கிழமை கூட்டமே கிடையாது என்றும் வைத்தது. தேவையானவை தாமாகத் திரும்பி வரும் என்பது கணக்கு. சின்னக் குழுவில் இப்படி ஒரேயடியாகச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதும் பழக்கம் வருவதற்கு முன்பே கூட்டத்தை எடுத்துவிட்டால், அந்த இடத்தை நாள் முழுக்க ஃபோன் கால்கள் நிரப்பிவிடும்.

படி 3: மூன்று கருவி போதும்

சேர்ந்து எழுத ஓர் இடம், வேலைகளை வரிசைப்படுத்த ஒரு பலகை, பேசிக்கொள்ள ஒரு சாட். ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. இதற்கு மேல் வேண்டாம்.

எழுதும் இடத்துக்கு, ஒரே கோப்பில் பல பேர் ஒரே நேரத்தில் எழுதி, ஓரத்தில் கமெண்ட் போடும் வசதி வேண்டும். 2006-இல் வந்த கூகுள் டாக்ஸ் இதைப் பரவலாக்கியது. மைக்ரோசாஃப்ட் வேர்டின் இணையப் பதிப்பிலும் இதே வசதி உண்டு. வெளி நிறுவனத்தின் சர்வரில் கோப்பை வைக்க விருப்பம் இல்லையென்றால் நெக்ஸ்ட்கிளவுட், கிரிப்ட்பேட் போன்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களைச் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

பலகைக்கு ட்ரெல்லோ போன்ற ஒன்று. 'செய்ய வேண்டியது', 'நடப்பது', 'முடிந்தது' என்று மூன்று பத்தி. டொயோட்டா தொழிற்சாலைகளில் அட்டைகளை வைத்து நடத்திய கான்பன் முறையின் வாரிசு இது. அட்டை எந்தப் பத்தியில் நிற்கிறது என்று பார்த்தாலே வேலை எங்கே தேங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும், ஆளைக் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை.

சாட்டுக்கு ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், மேட்டர்மோஸ்ட் எதுவும் சரி. அலுவலகம் ஏற்கெனவே ஏதாவது ஒன்றுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கும். அதையே பயன்படுத்துங்கள். எது சிறந்தது என்று தேடுவதில் ஒரு மாதம் போய்விடும், அதைத் தீர்மானிக்க நான்கு கூட்டமும் நடக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் எல்லாக் கோப்புகளையும் ஒரு நண்பர் தன் சொந்தக் கணக்கிலேயே தொடங்கி எங்களுக்கு ஷேர் செய்திருந்தார். அவர் வேலையை விட்டுப் போனபின் ஒரு நாள், பழைய கணக்கைச் சுத்தம் செய்வதாக நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார். இரண்டு வருட முடிவுகள் போயின. அவர் மேல் தப்பில்லை, எங்களுக்குத்தான் யோசனை வரவில்லை. அதனால் முதல் நாளே அலுவலகக் கணக்கில் ஒரு பொது ஃபோல்டரைத் திறந்து, கோப்புகள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே தொடங்குங்கள். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற அனுமதி வேண்டாம், பெயர் சொல்லி அனுமதி கொடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு விதி: முடிவு எதுவும் சாட்டில் இருக்கக் கூடாது. சாட்டில் பேசி முடிவெடுத்தால்கூட உடனே அதைக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். சாட் ஆற்று நீர் மாதிரி, போய்க்கொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது. கிடைக்காதபோது "ஒரு சின்ன மீட்டிங் போட்டுப் பேசிவிடலாமா?" என்று யாராவது கேட்பார்கள்.

படி 4: ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் கை வையுங்கள்

அவரவர் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கூட்டம்தான் ஸ்டேட்டஸ் மீட்டிங். தொடங்க ஏற்றது இதுதான், 'த' வகையிலேயே பெரியது. ஒரு கோப்பைத் திறந்து தேதியைப் போட்டு, கீழே எல்லோர் பெயரையும் எழுதுங்கள். திங்கள் காலை பத்து மணிக்குள் அவரவர் பெயருக்குக் கீழே நான்கு விஷயம்: முடித்தது, நடப்பது, தடை, யாரிடம் என்ன வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் மற்றவர்கள் படித்து, தங்களிடம் கேட்டதற்குக் கமெண்டில் பதில் போட வேண்டும்.

முதல் வாரம் எல்லோரும் எப்படி எழுதுவார்கள் தெரியுமா? "பட்டியல் சரிபார்க்கும் வேலை போய்க்கொண்டிருக்கிறது." இதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது, கடைசியில் கூப்பிட்டுத்தான் கேட்பார். அதையே இப்படி எழுதலாம்:

"வாடிக்கையாளர் பட்டியலில் 400 பெயரில் 310 சரிபார்த்தாகிவிட்டது. மீதி புதன் மாலைக்குள் முடியும். 12 பேருக்குத் தொலைபேசி எண் இல்லை. கணக்குப் பிரிவு செவ்வாய்க்குள் தந்தால்தான் புதன் சாத்தியம்."

நான்கு வாக்கியம். எண்ணிக்கை இருக்கிறது, நாள் இருக்கிறது, யாரிடம் என்ன வேண்டும் என்பது இருக்கிறது. கூட்டத்தில் இதே ஆள் ஐந்து நிமிடம் பேசியும் அந்த 12 எண்கள் விஷயத்தைச் சொல்லாமலே விட்டிருப்பார். முதல் இரண்டு வாரம் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து அவர் எழுதியதை இப்படி மாற்றிக் காட்டுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் இந்தப் படிகளிலேயே இந்த உழைப்புக்குத்தான் பலன் அதிகம்.

தடை என்று ஒருவர் எழுதியிருந்தால் குழுத் தலைவர் அன்றைக்கே அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். "பார்த்தேன், நாளை மதியத்துக்குள் பேசிச் சொல்கிறேன்" என்றாலும் போதும். எழுதினால் யாரும் படிப்பதில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் கோப்பு செத்துவிடும். எங்கள் குழுவில் நான்காம் வாரத்தில் கிட்டத்தட்ட அப்படி ஆகியிருக்கும். ஒருவர் இரண்டு வாரமாக ஒரே தடையை எழுதிக்கொண்டிருந்தார், நான் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று மாலையே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையை முடித்துக் கொடுத்தேன்.

பழைய கூட்டத்தை உடனே ரத்து செய்துவிட வேண்டாம். மூன்று வாரத்துக்கு அதைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்துக் காலெண்டரில் வைத்திருங்கள். கோப்பைப் படித்தபின் பேச ஏதாவது இருந்தால் பேசுங்கள், இல்லாவிட்டால் அன்று காலையே ரத்து என்று தகவல் போடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து ரத்தானால் எடுத்துவிடலாம், அப்போது யாரும் அதைத் தேட மாட்டார்கள்.

எழுதத் தயங்குபவர்களும் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள். எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அந்த மொழியில் எழுதட்டும். தமிழில் வசதி என்றால் தமிழில். கைபேசியில் பேசினால் தமிழ் எழுத்தாக மாறும் வசதி இருக்கிறது, அதைக் கற்றுக்கொடுங்கள். அதுவும் கைவராவிட்டால் குரல் செய்தி அனுப்பட்டும், பக்கத்தில் இருக்கும் ஒருவர் கோப்பில் ஏற்றிவிடலாம்.

படி 5: முடிவெடுக்க ஒரு பக்கம்

அடுத்து 'க', 'மு' வகைகள். முடிவு தேவைப்படும்போது கூட்டம் போடுவதற்குப் பதில், முடிவு வேண்டியவர் ஒரு பக்கம் எழுத வேண்டும். எங்கள் கோப்பில் இந்த வரிசையில்தான் இருக்கும்: என்ன முடிவு வேண்டும் (ஒரே கேள்வியாக). ஏன் இப்போது. நமக்குத் தெரிந்தவை. இருக்கும் வழிகள், ஒவ்வொன்றிலும் உள்ள சாதக பாதகம். என் பரிந்துரை. யார் கருத்துச் சொல்ல வேண்டும், எந்த நாளுக்குள். கடைசி முடிவு யாருடையது.

கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 'எல்லோரும் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்' என்று போட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். நான்கு பெயரைக் குறிப்பிட்டு, வியாழன் மாலை ஐந்து மணி என்று போட்டால் நான்கு பேரும் பார்ப்பார்கள். பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். 'வியாழன் மாலைக்குள் மறுப்பு இல்லையென்றால் இரண்டாம் வழியில் வேலையைத் தொடங்குகிறோம்' என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பிறகு மனஸ்தாபம் வராது.

பேசாமல் எழுதியே பெரிய வேலை நடக்குமா என்று சந்தேகம் வரலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி 1991-இலிருந்து இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஒருவரையொருவர் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானவர்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, மின்னஞ்சலிலேயே குறை நிறை சொல்லி, திருத்தி, ஏற்றுக்கொள்கிறார்கள். கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் ஊழியர்கள் வேலை செய்யும் முறையில் பெரும்பகுதியைக் கையேடாக எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அதன் ஊழியர்கள் பல நாடுகளில் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். எழுதி வைக்காமல் அங்கே ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

எழுத்தினால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் நேரம்கூட இல்லை. எங்கள் குழுவில் ஒரு அம்மா இருந்தார். கூட்டத்தில் வாய் திறக்கவே மாட்டார். நான் அவரிடம் கருத்து இல்லை என்றே நினைத்திருந்தேன். ஷிஃப்ட் நேரத்தை மாற்றுவது பற்றிய ஒரு பக்கத்தை முதல்முறையாகக் கோப்பில் போட்டபோது, இரவு ஒன்பதே காலுக்கு அவரிடமிருந்து ஒரு கமெண்ட் வந்தது: "புதன்கிழமை மூன்றாம் ஷிஃப்ட் முடிபவர்களுக்கே வியாழன் முதல் ஷிஃப்டும் போட்டிருக்கிறது. இடையில் ஓய்வே இல்லை." நாங்கள் நான்கு பேர் அந்த அட்டவணையை இரண்டு கூட்டங்களில் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது நிதானமாகப் படிக்கக் கொஞ்சம் நேரமும், குறுக்கே யாரும் பேசாத ஓர் இடமும்தான்.

எழுத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரே விஷயத்தில் இரண்டு பேர் மாறி மாறி மூன்று முறைக்கு மேல் கமெண்ட் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே நிறுத்துங்கள். அந்த இரண்டு பேர் மட்டும் ஃபோனில் பத்து நிமிடம் பேசட்டும். பேசி முடித்ததும் என்ன முடிவு என்று கோப்பில் ஒரு வரி எழுதட்டும். நான்காவது கமெண்டுக்குப் பிறகு வார்த்தைகளில் சூடு ஏற ஆரம்பித்துவிடும், ஒருவரும் மற்றவர் எழுதியதை ஒழுங்காகப் படிப்பதில்லை.

படி 6: மிஞ்சிய கூட்டங்களைச் சுருக்குங்கள்

அஜெண்டாவைத் தலைப்பாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். 'புதிய மென்பொருள்' என்று போட்டால் ஒரு மணி நேரம் பேசலாம். 'புதிய மென்பொருளுக்கு இந்த மாதமே மாறுவதா, அடுத்த காலாண்டிலா?' என்று போட்டால் பதில் வந்ததும் எழுந்துவிடலாம். முடிவெடுக்கத் தேவையானவர்களை மட்டும் கூப்பிடுங்கள், மற்றவர்களுக்குக் குறிப்பு போதும். பேசும்போதே ஒருவர் பொதுக் கோப்பில் குறிப்பெடுக்கட்டும்.

படித்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் படிக்காமல்தான் வருவார்கள். இதற்கு அமேசானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2004-இல் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டை நிறுத்தினார். அதற்குப் பதில் முழு வாக்கியங்களில் எழுதிய ஆறு பக்கத்துக்கு மிகாத குறிப்பை, கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்து படிக்கும் வழக்கம் வந்தது. எங்களுக்கு ஒரு பக்கமே போதும் என்பதால் முதல் ஐந்து நிமிடம் படிப்போம். அந்த ஐந்து நிமிட அமைதி முதலில் சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

படி 7: ஆற்றல் உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமராவை அணைத்தால் கார்பன் குறையும் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. 2021-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, வீடியோ காலில் கேமராவை அணைத்தால் அந்த அழைப்பின் கார்பன் தடத்தை (அதனால் வெளியேறும் கார்பனின் அளவை) 96 சதவீதம் வரை குறைக்கலாம் என்று சொன்னது. தரவின் அளவைப் பார்த்தால் வித்தியாசம் பெரிதுதான். தெளிவான வீடியோவுக்கு நொடிக்கு 1.2 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு அரை ஜிபிக்கு மேல் போகும், குரல் மட்டும் என்றால் 30, 40 எம்பியில் முடிந்துவிடும். ஆனால் இணையத்தை இயக்கும் ரவுட்டர் போன்ற சாதனங்கள் தரவு குறைவாக ஓடினாலும் ஏறக்குறைய அதே மின்சாரத்தைத்தான் இழுக்கின்றன. அதனால் கேமராவை அணைப்பதில் கையில் நிற்கும் மிச்சம் சொற்பம் என்பது என் கணிப்பு. இணைப்பு மெதுவாக இருந்தாலோ கண் களைத்துப்போனாலோ அணையுங்கள். அதற்காக ஒருவரை வற்புறுத்துவது வேண்டாம்.

பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் பயணம். தொடக்கத்தில் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள்: அறைக்கு 3 யூனிட், மூன்று காருக்கு 70 யூனிட்டுக்கு மேல். விமானம் என்றால் இன்னும் பெரிது. ஆயிரம் கிலோமீட்டர் பறந்தால் ஒருவர் பங்குக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு நூறு கிலோ அளவில் இருக்கும். ஆகவே உங்கள் பட்டியலில் யாராவது பயணம் செய்து வரும் கூட்டங்களை முதலில் எடுங்கள். பக்கத்து அறையிலிருந்து நடந்து வரும் கூட்டங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது அறை. ஒரு டன் ஏசி என்றால் மணிக்கு ஏறக்குறைய 3.5 யூனிட் அளவு வெப்பத்தை வெளியே தள்ளக்கூடியது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். பதினோரு பேர் என்றால் ஒரு ஹீட்டரை உள்ளே வைத்த மாதிரி. ஆள் குறைந்தாலே ஏசிக்கு வேலை குறையும். ஆனால் கூட்டம் ரத்தான பிறகும் காலி அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் இதுதான் நடந்தது. அறையை முன்பதிவு செய்தால் ஒன்பதரைக்கே ஒருவர் வந்து ஏசியைப் போட்டு வைப்பார். நாங்கள் கூட்டத்தை ரத்து செய்தோம், முன்பதிவை ரத்து செய்யவில்லை. ஒன்றரை மாதம் காலி அறை குளிர்ந்துகொண்டிருந்தது. கூட்டத்தை ரத்து செய்யும்போது அறையையும் விடுவிக்க வேண்டும், பராமரிப்புப் பிரிவுக்கும் சொல்ல வேண்டும். புரொஜெக்டரையும் பெரிய திரையையும் சுவரில் உள்ள சுவிட்சிலேயே அணைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வீட்டிலிருந்து வேலை. சர்வதேச ஆற்றல் முகமை 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காரில் வேலைக்குப் போகிறவருடைய ஒரு வழிப் பயணம் சுமார் 6 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் வீட்டிலிருந்து வேலை செய்வது அவருடைய கார்பன் தடத்தைக் குறைக்கும். அதைவிடப் பக்கத்தில் இருப்பவருக்கும், பேருந்திலோ ரயிலிலோ வருபவருக்கும், வீட்டில் கூடுதலாகச் செலவாகும் ஆற்றலால் தடம் கொஞ்சம் கூடவும் வாய்ப்பு உண்டு. எனவே எல்லோருக்கும் ஒரே விதி போடாமல், தூரத்திலிருந்து காரில் வருபவர்களுக்கு முதலில் வாய்ப்புக் கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாள் வராமல் இருந்தால் பயணம்தான் குறையும், கட்டடத்தின் செலவு குறையாது. நாற்பது பேர் இருக்கும் தளத்தில் முப்பது பேர் இருந்தாலும் அதே ஏசி, அதே விளக்குதான். எல்லோரும் ஒரே நாளில் வீட்டில் இருந்தால் அந்தத் தளத்தையே அணைத்துவிடலாம்.

கருவிகள் ஓடவும் எங்கோ மின்சாரம் செலவாகிறது. அதே முகமையின் மதிப்பீட்டில் 2024-இல் உலகின் தரவு மையங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரம் பயன்படுத்தின, உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ 1.5 சதவீதம். அதில் நம் கோப்புகளின் பங்கு துளிதான். ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்தையும் ரெக்கார்டிங் செய்து வைப்பதால் பயன் இல்லை. ஒரு பக்கக் குறிப்பு இருந்தால் ஒரு மணி நேர வீடியோவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கோப்பை இருபது பேருக்கு இணைத்து அனுப்பாமல் லிங்க் அனுப்புங்கள். எது கடைசிப் பதிப்பு என்ற குழப்பமும் அதோடு போய்விடும்.

படி 8: சாட்டைக் கட்டுக்குள் வையுங்கள்

கூட்டம் குறைந்த இரண்டாம் மாதத்தில் சாட் பெருகும். காலையில் தொடங்கி இரவு வரை மணி அடித்துக்கொண்டே இருந்தால் அது முடியாத மீட்டிங் மாதிரி ஆகிவிடும். இதற்கு மூன்று ஏற்பாடு எங்களுக்கு உதவியது. சாதாரணச் செய்திக்கு ஒரு வேலை நாளுக்குள் பதில் வந்தால் போதும் என்று எழுதி வைத்தோம். அவசரம் என்றால் ஃபோன்தான், சாட் கிடையாது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை எல்லோரும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம். வேலை நேரம் முடிந்த பிறகு வரும் செய்திக்கு மறுநாள்தான் பதில் என்பதைக் குழுத் தலைவர் தானே கடைப்பிடித்துக் காட்ட வேண்டும். அவர் இரவு பதினோரு மணிக்குப் பதில் போட்டால் மற்றவர்களும் போட்டே ஆகவேண்டும் என்று நினைப்பார்கள்.

படி 9: மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்

அதே தாள், அதே கட்டங்கள், மறுபடி இரண்டு வாரம். ஆள்மணி எவ்வளவு குறைந்தது, பயண தூரம் எவ்வளவு குறைந்தது, கூட்ட அறை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மின் கட்டண ரசீதில் வித்தியாசம் உடனே தெரியாது, பருவநிலையோடு சேர்ந்து அது ஏறி இறங்கும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் ஓரளவு தெரியும். குறைத்த கூட்டங்களில் எதையாவது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது கேட்டால் கொண்டுவாருங்கள். நாங்கள் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தோம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, முக்கால் மணி நேரம், அஜெண்டா இல்லாமல், எல்லோரும் நேரில். அது 'ம' வகை. முதல் சுற்றில் நான் அதைத் 'த' என்று தவறாகக் குறித்திருந்தேன்.

தொடங்குவதற்கு உங்கள் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருக்கும். நான் அனுப்பியதை அப்படியே தருகிறேன், பெயரையும் நாளையும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"எல்லோருக்கும் வணக்கம். வரும் திங்கள் முதல் மூன்று வாரத்துக்கு ஒரு முயற்சி. காலை பத்து மணிக் கூட்டத்தில் சொல்வதை, பத்து மணிக்குள் இந்தக் கோப்பில் உங்கள் பெயருக்குக் கீழே எழுதிவிடுங்கள். நான்கு வரி போதும். மாதிரிக்கு என் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குள் எல்லோருடையதையும் படித்து, உங்களிடம் கேட்டதற்குப் பதில் போடுங்கள். தடை என்று நீங்கள் எழுதும் எதற்கும் அன்றைக்கே நான் பதில் சொல்வேன். இன்னொரு கட்டடத்திலிருந்து வருபவர்கள் இதற்காக வரவேண்டாம். எழுதுவதில் சிரமம் இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், சேர்ந்து எழுதலாம். மூன்று வாரம் கழித்து, தொடர்வதா வேண்டாமா என்று இதே கோப்பில் எல்லோரும் ஒரு வரி எழுதுங்கள்."